சீமைக்கருவேலம் எத்தனை லிட்டர் குடிக்கும்?

கொஞ்சம் நீளமான பதிவு. நடுவில் கணக்கு வரும், பயப்பட வேண்டாம். எல்லாம் ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான்.

போன மாதம் எங்கள் ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் கருவையை ஒட்டுமொத்தமாக வெட்டுவதா வேண்டாமா என்று பேச்சு. ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தில் சீமைக்கருவேலம், எங்கள் வாயில் கருவை. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டதும், அதே ஆண்டில் சென்னையில் அதற்கு இடைக்காலத் தடை வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்த வாதம் இன்னும் ஒவ்வொரு ஊரிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கூட்டத்தில் மூன்று பேர் மூன்று எண்களோடு வந்தார்கள்.

முதல் ஆள் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் படித்தார். ஒரு கருவை மரம் தினமும் நூறு லிட்டர் தண்ணீர் குடிக்கிறதாம், அதோடு காற்றில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறதாம். இரண்டாவது ஆள் கைப்பேசியில் ஒரு விவசாயச் செயலியைத் திறந்து, "இன்னைக்கு நம்ம ஊர்ல ஆவி இழப்பு அஞ்சு மில்லிமீட்டர்தான், கருவைக்கும் அதுதான், நெல்லுக்கும் அதுதான்" என்றார். மூன்றாவது, வேளாண்மை படிக்கும் ஒரு தம்பி. செயற்கைக்கோள் வரைபடம் காட்டினார். அதில் கண்மாயும் பக்கத்து வயலும் ஒரே நிறம். "பாருங்க, வித்தியாசமே இல்ல, கருவையால ஒண்ணும் நட்டமில்ல" என்றார்.

கூட்டத்தின் ஓரத்தில் என்னிடம் படித்த ஒருவர் நின்றிருந்தார். இன்றைக்குக் கரிமூட்டம் போட்டுக் குடும்பம் நடத்துகிறவர். கருவை போனால் அவர் அடுப்பும் அணையும். என்னைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்: "சார், வெட்டுனா தண்ணி நிக்கும்னா வெட்டட்டும் சார். நிக்குமா நிக்காதா, அத மட்டும் சொல்லுங்க."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு நீர்ச் சுழற்சிப் படம் வரைந்து காட்டியவன், வாயடைத்து நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன், விஞ்ஞானி அல்ல. ஆனாலும் மகள் துணையோடு ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூட்டத்தில் சொன்ன மூன்று எண்களுமே வேறு எதற்கோ உரிய எண்கள். எங்கள் கண்மாய்க்கு உரியது ஒன்றுகூட இல்லை.

முதலில் வார்த்தையைச் சரிசெய்துகொள்வோம். மண்ணும் நீர்ப்பரப்பும் ஆவியாக விடுவது ஆவியாதல். இலைத்துளை வழியே செடி விடுவது நீராவிப்போக்கு. ஒரு நிலத்திலிருந்து இரண்டும் சேர்ந்து மேலே போவதை இந்தப் பதிவில் 'ஆவி இழப்பு' என்று எழுதுகிறேன். இதை மழையைப் போலவே மில்லிமீட்டரில் அளப்பார்கள். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் சுமார் 4,000 லிட்டர். இந்த ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வாட்ஸ்அப் செய்தி. காற்றில் உள்ள ஈரத்தைக் கருவை உறிஞ்சுகிறது என்பது தலைகீழ். இலை ஈரத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது. பாலித்தீன் பையைக் கிளையில் கட்டிவைத்து மதியம் போய்ப் பார்த்தால் பைக்குள் முத்து முத்தாக நீர் நிற்கும். நான்காம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்து பார்த்த சோதனை இது.

நூறு லிட்டர் கதைக்கு வருவோம். அடர்ந்த கருவைக் காட்டில் ஏக்கருக்கு ஆயிரம் தூர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் பெருக்கல் நூறு, ஒரு லட்சம் லிட்டர். அதை 4,000-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 25 மில்லிமீட்டர். தண்ணீர் சும்மா ஆவியாகாது, வெப்பம் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர், அதாவது ஒரு லிட்டர், ஆவியாக 2.45 மெகாஜூல் வேண்டும். 25 மில்லிமீட்டருக்கு 61 மெகாஜூல். ஏப்ரல் மாதத்தில் எங்கள் ஊருக்கு மேலே, வளிமண்டலத்துக்கு வெளியே, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் வந்து விழும் சூரிய ஆற்றலே 38 மெகாஜூல்தான். தரைக்கு வந்து சேர்வது அதிலும் குறைவு. சுற்றியுள்ள பொட்டலின் அனல் காற்று அடித்தால் சற்றுக் கூடலாமே தவிர, இப்படி இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஆகாது. வரவே இல்லாத காசை மரம் எப்படிச் செலவழிக்கும்?

தனியாக நிற்கும் ஒரு பெரிய மரம் நிறையக் குடிக்கலாம். அந்த எண்ணைக் காடு முழுவதுக்கும் பெருக்கக் கூடாது. ஒரு வீட்டில் ஒருவர் பத்து இட்லி சாப்பிட்டார் என்பதற்காக ஊரில் எல்லோரும் பத்து இட்லி சாப்பிட்டதாகக் கணக்கெழுத முடியுமா?

அடுத்து செயலியின் ஐந்து மில்லிமீட்டர். இது பொய் இல்லை. ஆனால் யாருடைய எண் என்று கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஹோவர்ட் பென்மன் என்பவர் 1948-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். திறந்த நீர், வெறும் மண், புல் ஆகிய மூன்றிலிருந்தும் எவ்வளவு ஆவியாகிறது என்பதுதான் பொருள். அங்கே திறந்த நீரோடு ஒப்பிட்டால், ஈரமான வெறும் மண் பத்தில் ஒன்பது பங்கும், புல் குளிர்காலத்தில் பத்தில் ஆறு பங்கும், கோடையில் பத்தில் எட்டு பங்கும் விட்டன. கவனியுங்கள், இந்தத் துறையின் முதல் பெரிய கட்டுரையே 'எந்த நிலம்' என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. நாம்தான் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

1965-ல் மாண்டீத் என்பவர் பென்மனின் சமன்பாட்டில் இலையைச் சேர்த்தார். வெயில், காற்று, ஈரப்பதம் எல்லாம் ஒன்றாக இருந்தாலும் இலைத்துளை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்து இழப்பு மாறும் அல்லவா? அதற்கு ஒரு தடை எண் கொடுத்தார். 1998-ல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு இதையே உலகப் பொது முறையாக்கியது. அதில் வரும் 'அடிப்படை ஆவி இழப்பு' ஒரு கற்பனைப் புல்வெளிக்கு உரியது. புல்லின் உயரம் 12 சென்டிமீட்டர், குறையாத தண்ணீர், மண்ணே தெரியாத அடர்த்தி. செயலி காட்டும் ஐந்து மில்லிமீட்டர் அந்தப் புல்லின் எண். எங்கள் மாவட்டத்தில் ஏப்ரல் மாதத்தில் அப்படி ஒரு புல்வெளியைக் காட்டினால் நான் சோறு போடுகிறேன்.

புல்லின் எண்ணை நம் நிலத்துக்கு மாற்ற ஒரு பெருக்கெண் கொடுத்திருக்கிறார்கள். வளர்ந்து நிற்கும் நெல்லுக்கு 1.2. ஆழமில்லாத திறந்த நீருக்கு 1.05. காய்ந்த வெறும் மண்ணுக்கு 0.15 அளவு. அப்படியானால் அதே ஐந்து மில்லிமீட்டர் நாளில் ஒரு ஏக்கர் நெல் இருந்தால் 24,000 லிட்டர் போகும். ஒரு ஏக்கர் கண்மாய்த் தண்ணீர் 21,000 லிட்டர். காய்ந்து வெடித்த கண்மாய்த் தரை 3,000 லிட்டர். ஏப்ரலில் இங்கே நெல் கிடையாது, ஒப்பிடுவதற்காகச் சொல்கிறேன். "நெல்லுக்கும் அதுதான்" என்று சொன்ன அண்ணன் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. அந்த ஐந்து வந்த வழியும் முக்கியம். முழுச் சமன்பாட்டுக்கு வெயில், காற்றின் வேகம், ஈரப்பதம், வெப்பநிலை நான்கும் வேண்டும். எல்லா ஊரிலும் அந்தக் கருவிகள் கிடையாது. அதனால் குறுக்குவழிகள் வந்தன. 1985-ல் வந்த ஹார்கிரீவ்ஸ்-சமானி முறைக்கு நாளின் அதிக வெப்பநிலையும் குறைந்த வெப்பநிலையும் போதும். சூரிய ஆற்றலை ஊரின் இருப்பிடத்தையும் தேதியையும் வைத்தே கணக்கிட்டுக்கொள்ளும். ஏப்ரல் நடுவில் எங்கள் ஊரில் பகலில் 35, விடியற்காலையில் 26 டிகிரி என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஐந்துக்குச் சற்று மேலே வந்தது. கையால் போட முடிகிற கணக்கு, எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் காற்று பலமாக அடிக்கும் இடத்தில் அது குறைத்துச் சொல்லும், ஈரப்பதம் மிகுந்த இடத்தில் கூட்டிச் சொல்லும். கடலோரத்தில் எங்களுக்கு இரண்டுமே உண்டு. 1972-ல் வந்த பிரீஸ்ட்லி-டெய்லர் முறை காற்றைக் கேட்காமலே கணக்கிடும். ஈரமான பரந்த நிலத்துக்கும் நீர்ப்பரப்புக்கும் அது பொருந்தும். நாலு பக்கமும் பொட்டல், நடுவில் ஒரு துண்டுப் பச்சை என்றால் குறைத்துச் சொல்லிவிடும். தவறு முறையின் மீது இல்லை. பொருந்தாத இடத்தில் கொண்டுபோய் வைக்கிற நம் மீதுதான்.

மூன்றாவது, தம்பி காட்டிய வரைபடம். செயற்கைக்கோள் பெரிய உதவிதான், மறுக்கவில்லை. பாஸ்டியான்சன் குழுவினர் 1998-ல் வெளியிட்ட 'செபால்' முறை, நிலத்தின் மேற்பரப்பு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதிலிருந்து ஆவி இழப்பைக் கணக்கிடுகிறது. ஈரமான நிலம் குளிர்ந்திருக்கும், காய்ந்த நிலம் சுடும். நம் பாட்டி மண்பானையில் கண்ட உண்மைதான். ஆனால் தம்பி காட்டியது வேறு வகை, 'மோடிஸ்' கருவியின் ஆவி இழப்பு வரைபடம். அதன் ஒரு கட்டம் 500 மீட்டருக்கு 500 மீட்டர். ஏறக்குறைய 62 ஏக்கர் ஒரே சதுரம்! எங்கள் கண்மாய், கரை, கருவை, வயல், தெரு எல்லாம் அதற்குள் ஒன்றாகக் குழைந்துவிடும். பிறகு எப்படி நிறம் மாறும்?

அதைவிட முக்கியமாக, அந்தக் கணக்கு முதலில் 'இது என்ன நிலம்' என்று ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறது. நீர்ப்பரப்பு, பொட்டல், கட்டடப் பகுதி என்று பதிவான கட்டங்களுக்கு அது எண்ணே தருவதில்லை. நான்கு மாதம் நீரும் எட்டு மாதம் முள்ளுமாக இருக்கும் கண்மாய் அந்தப் பட்டியலில் பயிர்நிலம் என்று விழுந்திருந்தால், பயிர்நிலத்துக்குரிய கணக்குதான் வரும். லேண்ட்சாட் கோளின் வெப்பப் படம் 100 மீட்டர் அளவில் எடுக்கப்படுவது, ஓரளவு பிரித்துக் காட்டும். ஆனால் ஒரு கோள் திரும்ப அதே இடத்துக்கு வர 16 நாள் ஆகும். கண்மாய் நிறைகிற ஐப்பசி கார்த்திகையில் வானம் முழுக்க மேகம். மேகத்துக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.

சரி, கருவையை யாராவது நிஜமாக அளந்தார்களா? அளந்திருக்கிறார்கள். எத்தியோப்பியாவில் அஃபார் என்ற வறண்ட பகுதி. அங்கேயும் இதே மரம் லட்சக்கணக்கான ஏக்கரில் பரவிக் கிடக்கிறது. தண்டில் ஊசிகளைச் செருகி, சிறு சூடு கொடுத்து, சாறு ஏறும் வேகத்தை அளந்தார்கள். காட்டின் மேலே கோபுரம் நட்டு, காற்றின் மேல்கீழ்ச் சுழலையும் அதில் உள்ள ஈரத்தையும் தொடர்ந்து அளந்தார்கள். 2021-ல் முடிவு வெளிவந்தது. ஒரு மரம் நாளுக்கு 1 லிட்டரிலிருந்து 36 லிட்டர் வரை, சராசரி 7 லிட்டர். அடர்ந்த கருவைக் காட்டின் ஆவி இழப்பு சராசரியாக நாளுக்கு 3.7 மில்லிமீட்டர். ஏக்கருக்கு 15,000 லிட்டர்.

இங்கே இரண்டு பக்கத்துக்கும் செய்தி இருக்கிறது. நூறு லிட்டர் எங்கே, ஏழு லிட்டர் எங்கே! அதே சமயம் ஏழு லிட்டர்தானே என்று அலட்சியமாகவும் இருக்க முடியாது. அந்தப் பகுதி முழுவதும் சேர்த்தால் வருடத்துக்கு 300 கோடி கன மீட்டருக்கு மேல் என்று அதே ஆய்வு சொல்கிறது.

அஃபாரின் 3.7-ஐத் தூக்கி எங்கள் கண்மாயில் ஒட்டினால் நானும் வாட்ஸ்அப் அண்ணன் செய்த தவற்றையே செய்கிறேன். அந்த மண் வேறு, நிலத்தடி நீர் வேறு. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பதை அது சொல்லிக்கொடுக்கிறது.

மரமும் புல்லும் பற்றி இன்னொரு கணக்கும் உண்டு. ஜாங், டாவ்ஸ், வாக்கர் என்ற மூவர் 2001-ல் உலகெங்கும் 250-க்கும் மேற்பட்ட நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் விவரத்தைச் சேர்த்து ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார்கள். வருட மழை 900 மில்லிமீட்டர் என்று அதில் போட்டால், காடு சுமார் 780, புல்வெளி சுமார் 600 மில்லிமீட்டரை ஆவியாக விடுகிறது. ஆக, வருடம் முழுவதும் பார்த்தால் மரம் புல்லைவிடக் கூடுதலாகச் செலவழிக்கிறது என்பது உண்மை. எந்த மரம் என்று அந்தச் சூத்திரம் கேட்பதில்லை. கருவைக்கு அது சிறப்புத் தண்டனை எதுவும் விதிக்கவில்லை.

போன கோடையில் பேரப்பிள்ளைகளோடு நான் ஒரு சோதனை செய்தேன். ஒரே அளவு வாளி நான்கு. ஒன்றில் தண்ணீர், ஒன்றில் ஈரமண், ஒன்றில் அருகம்புல், ஒன்றில் கருவைக் கன்று. தினமும் காலை ஆறு மணிக்கு மளிகைக்கடைத் தராசில் எடை. தண்ணீர் வாளி நாள் தவறாமல் ஒரே மாதிரி குறைந்தது. வெறும் மண், முதல் நாள் ஏறக்குறைய தண்ணீரோடு போட்டி போட்டது, மேல்மண் காய்ந்ததும் படுத்துவிட்டது. புல் சில நாள் தாங்கி வாடியது. கன்று முதலில் எல்லாவற்றையும்விடக் குறைவாகத்தான் செலவழித்தது, ஆனால் புல் வாடிய பிறகும் அது நிறுத்தவில்லை. வாளியின் பக்கமெல்லாம் வெயில் பட்டுச் சூடாகிவிடுவதால் இந்த எண்களைக் கண்மாய்க்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வானிலை நிலையத்து ஆவியாதல் தட்டுக்கும் இதே குறை உண்டு. அதனால்தான் தட்டின் அளவை 0.7 போன்ற ஒரு எண்ணால் பெருக்குகிறார்கள்.

ஆனால் அந்த நான்கு வாளிகள் எனக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தன. 'எவ்வளவு' என்பதற்கு முன்னால் 'எப்போது' என்று கேட்க வேண்டும்.

கார்த்திகையிலிருந்து மாசி வரை கண்மாயில் தண்ணீர் நிற்கிறது. அப்போது கருவையை எடுத்துவிட்டால் அங்கே வெயில் நேராகத் தண்ணீரில் விழும். திறந்த நீரின் ஆவி இழப்பு கருவையைவிடக் குறைவாக இருக்கும் என்று நம்ப எந்தக் கணக்கும் எனக்கு இடம் தரவில்லை, கூடுதலாகவே இருக்கலாம். பங்குனிக்குப் பிறகு கண்மாய் வற்றுகிறது. கருவை இல்லாத தரை சில நாளில் காய்ந்து, ஆவி இழப்பு ஏறக்குறைய நின்றுவிடும். கருவை இருந்தால் வேர் கீழே போய் ஆடி வரை எடுத்துக்கொண்டே இருக்கும். அப்போது குறைவது கண்மாய்த் தண்ணீர் அல்ல, பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர்.

ஆகவே என் கருத்து இது. கண்மாய்க்குள் இருக்கும் கருவையை எடுக்கலாம், எடுக்க வேண்டும். ஆனால் "நூறு லிட்டர் குடிக்கிறது" என்பதற்காக அல்ல. வரத்துக்கால் அடைபடுகிறது, வண்டல் தேங்கிக் கொள்ளளவு குறைகிறது, தூர்வார முடியவில்லை, ஆடுமாடு இறங்க முடியவில்லை, கோடையில் கிணற்று நீரை இழுக்கிறது. இந்தக் காரணங்கள் போதும். பொய்யான எண்ணைத் துணைக்கு அழைத்தால், நாளைக்கு வெட்டிய பிறகும் தண்ணீர் நிற்காதபோது, உண்மையான காரணத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

தரிசிலும் பட்டாக் காட்டிலும் இருக்கும் கருவை வேறு கணக்கு. அங்கே வெட்டிவிட்டு என்ன வைக்கப் போகிறோம் என்பதைச் சொல்லாமல் வெட்டுவதில் அர்த்தமில்லை. நெல் போட்டால் தண்ணீர்ச் செலவு கூடும். சும்மா விட்டால் அடுத்த மழைக்குக் கருவையே திரும்ப முளைக்கும். கரிமூட்டக் குடும்பங்களுக்கு மாற்றுப் பிழைப்பு என்ன என்பதும் அந்தக் கணக்கில் ஒரு வரிதான்.

அரசிடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இந்த மாவட்டத்தின் கருவைக் காடு ஒன்றிலும், தண்ணீர் நிற்கும் கண்மாய் ஒன்றிலும் அஃபாரில் செய்தது போல ஒரு வருடம் அளக்கட்டும். மூன்று எண்களை வைத்துக்கொண்டு சண்டை போட்ட அந்தக் கூட்டத்தில், இந்த மண்ணில் அளந்த எண் ஒன்றைக்கூட யாரும் காட்டவில்லை, நான் உட்பட. இளைஞர்களிடம் கேட்பது இன்னும் சின்னது. யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த நிலத்துக்கு? எந்த மாதத்துக்கு? எந்த முறையில்?

நேற்று அந்தக் கரிமூட்டக்காரர் வீட்டுக்குப் போய் வந்தேன். "தம்பி, கண்மாய்க்குள்ள வெட்டித் தூர்வாருனா தண்ணி கூட நிக்கும். கருவை குடிக்காததால இல்ல, பள்ளம் ஆழமாகுறதால. வெட்டிட்டுத் தூர்வாராம விட்டா ஒண்ணும் நிக்காது" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப வெட்டுறதுக்கு ஏலம் விடும்போதே தூர்வாறவும் பணம் ஒதுக்கச் சொல்லணும்ல சார்?" என்றார். இவ்வளவு எழுதிய எனக்கு அது தோன்றவில்லை. அடுத்த கூட்டத்தில் அவரையே பேசச் சொல்லியிருக்கிறேன்.

வேளாண்மை, நீரியல் படித்த நண்பர்கள் யாராவது இதில் பிழை கண்டால் தயங்காமல் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். உங்கள் ஊர்க் கண்மாயில் கருவையை வெட்டியிருந்தால், வெட்டிய பிறகு என்ன ஆனது என்றும் எழுதுங்கள்.